ஏழாவது மாதத்தில் விழும் துண்டு: முதல் குழந்தைக்கு பட்ஜெட் போடுவது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

முதல் குழந்தையை எதிர்பார்க்கும் வீடுகளிலிருந்து வந்த பணக் கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். விலை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் பதில்களில் விலை இருக்காது. எண்ணிக்கையும் விகிதமும் இருக்கும். உங்கள் ஊர் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு நாலாம் மாதம் முடிகிறது. இருவரும் வேலைக்குப் போகிறோம். குழந்தைக்கு வாங்க வேண்டியவை என்று 60 வரிக்கு ஒரு பட்டியல் போட்டிருக்கிறோம். மொத்தம் எவ்வளவு ஒதுக்குவது என்றுதான் பிடிபடவில்லை. எங்கிருந்து ஆரம்பிக்க?

முதலில் அந்தப் பட்டியலை மடித்து ஓரமாக வையுங்கள். தொட்டிலும் துணிமணியும் ஒரு முறை வாங்கினால் முடிந்தது. வீட்டுக் கணக்கை ஆட்டிவைப்பவை வேறு மூன்று: பிரசவச் செலவு, விடுப்பில் நின்றுபோகும் சம்பளம், நீங்கள் வேலைக்குத் திரும்பும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு. உங்கள் 60 வரிகளில் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக இருக்காது.

பட்டியலுக்குப் பதிலாக மாதக் கணக்கு எழுதுங்கள். இந்த மாதம் தொடங்கி குழந்தைக்கு ஒரு வயது நிறைகிற வரை, மாதத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் வரவு, செலவு, மீதி. பெரிய நோட்டில் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும்.

ஓர் உதாரணம். வீட்டு வருமானம் மாதம் 100 என்று வைத்துக்கொள்வோம். கணவர் சம்பளம் 55, உங்களுடையது 45. இப்போதைய செலவு 80, மிச்சம் 20. பேறுகால விடுப்பு 6 மாதம். அதில் முதல் 3 மாதம் முழுச் சம்பளம், அடுத்த 3 மாதம் சம்பளம் கிடையாது. குழந்தையால் மாதச் செலவு 12 கூடும். நீங்கள் வீட்டில் இருக்கும் காலத்தில் பயணம், வெளிச்சாப்பாடு வகையில் 6 குறையும்.

பிரசவத்துக்கு இன்னும் இருக்கும் 5 மாதத்தில் 100 சேரும். பிறந்த முதல் 3 மாதம் வரவு 100, செலவு 86. மாதம் 14 வீதம் 42 மிச்சம். அடுத்த 3 மாதம் வரவு 55, செலவு அதே 86. மாதம் 31 வீதம் 93 கரைந்துபோகும். கூட்டிக் கழித்தால் கையில் 49. மருத்துவமனை பில்லில் உங்கள் கையிலிருந்து போவதும், அந்த 60 வரிப் பட்டியலும் இந்த 49-க்குள் அடங்க வேண்டும்; இல்லாவிட்டால் பழைய சேமிப்பில் கை வைக்க வேண்டும்.

பலர் இந்த இடத்திலேயே கணக்கை முடித்துவிடுகிறார்கள். இன்னும் ஒரு வரி கீழே போங்கள். குழந்தைக்கு ஏழாவது மாதம் உங்கள் சம்பளம் திரும்ப வருகிறது, வரவு மறுபடி 100. செலவு? பழைய 80, குழந்தைக்கு 12, காப்பகத்துக்கு 20 என்று வைத்தால் 112. இருவர் சம்பளமும் முழுசாக வருகிற மாதத்திலேயே 12 துண்டு விழுகிறது. அதுவும் ஒரு மாதத்தோடு நிற்காது. பிரசவச் செலவுக்கு எல்லாரும் பயந்து தயாராகிறார்கள். இந்தத் துண்டுக்கு யாரும் தயாராவதில்லை.

அதனால் ஒத்திகை பாருங்கள். அடுத்த சம்பளத்திலிருந்து, சம்பளம் வந்த அன்றே 32-ஐ (குழந்தைக்கு 12, காப்பகத்துக்கு 20) வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, மீதி 68-இல் குடும்பம் நடத்துங்கள். மாதக் கடைசியில் மிஞ்சியதை மாற்றுவோம் என்றால் ஒன்றும் மிஞ்சாது. முதல் மாதம் 68-இல் முடியாது. எங்கே உதைக்கிறது என்று அப்போதுதான் தெரியும்: கடன் தவணையா, சந்தாக்களா, வெளியிலிருந்து வரவழைக்கும் சாப்பாடா? இரண்டு மூன்று மாதத்தில் 68 பழகிவிட்டால் ஏழாவது மாதக் கணக்கு 68 + 12 + 20 = 100 என்று நேராகும். கூடவே பிரசவத்துக்கு முன் சேரும் தொகை 100-க்குப் பதில் 160-ஐ நெருங்கியிருக்கும்.

உதாரணத்தில் உள்ள எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சம்பளச் சீட்டை வைத்து எழுதுங்கள். விடுப்புச் சம்பளம் மொத்தச் சம்பளத்துக்கா, அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமா, மாதாமாதம் வருமா, பின்னால் மொத்தமாக வருமா, சம்பளமில்லாத மாதங்களில் குழுக் காப்பீட்டுப் (அலுவலகம் ஊழியர்களுக்கு எடுக்கும் மருத்துவக் காப்பீடு) பிரீமியத்தை யார் கட்டுவது என்ற மூன்றையும் அலுவலகத்தில் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் வீட்டிலிருந்தே டிசைன் வேலை எடுத்துச் செய்கிறேன். சம்பள விடுப்பு எல்லாம் எனக்குக் கிடையாது. பிரசவத்துக்குப் பிறகு 3 மாதம் மட்டும் வேலையை நிறுத்தலாம் என்று இருக்கிறேன். 3 மாதச் செலவுக்குப் பணம் இருந்தால் சமாளித்துவிடலாம்தானே?

வேலை நிற்கிற காலமும் பணம் நிற்கிற காலமும் உங்கள் தொழிலில் ஒன்றாக இருக்காது. மாதக் கடைசியில் பில் போட்டு, வாடிக்கையாளர் 45 நாளில் பணம் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரசவத்துக்கு முந்தைய மாத வேலைக்கான பணம் குழந்தைக்கு ஒன்றரை மாதம் ஆகும்போது வரும். நாலாவது மாதம் முழுக்க வேலை செய்து, கடைசியில் பில் போட்டால், அந்தப் பணம் வர ஐந்தரை மாதம் ஆகிவிடும். இரண்டு வரவுக்கும் நடுவில் 4 மாதம். வேலை நின்றது 3 மாதம்தான், ஆனால் காசு கண்ணில் படாதது 4 மாதம். பழைய வேகத்துக்கு வர இன்னும் சில மாதம் பிடிக்கும்.

திரும்பி வரும்போது முதல் இரண்டு வேலைக்குப் பாதித் தொகையை முன்பணமாகக் கேளுங்கள், மாதக் கடைசி வரை காத்திராமல் வேலை முடிய முடிய பில் போடுங்கள். அந்த 4 மாத இடைவெளிக்குள் வருமான வரித் தவணை, வண்டிக் காப்பீடு, மென்பொருள் சந்தா புதுப்பிப்பு எதுவும் வந்து விழுகிறதா என்றும் இப்போதே பார்த்துவிடுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை வருகிற செலவுதான் மாத பட்ஜெட்டில் எப்போதும் விட்டுப்போகும்.

கேள்வி: சுகப்பிரசவம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மருத்துவமனையில் ஒரு பேக்கேஜ் தொகை சொன்னார்கள். அதை எடுத்து வைத்தால் போதுமா?

போதாது. சிசேரியன் தொகையை வைத்தே பட்ஜெட் போடுங்கள். சுகப்பிரசவம் ஆனால் மிச்சம் உங்களுக்கு. சுகப்பிரசவத்துக்கு பெரும்பாலும் 1 அல்லது 2 நாள் தங்கினால் போதும். சிசேரியன் என்றால் 3, 4 நாள். நாள் கூடும்போது அறை வாடகை கூடும். எந்த அறை என்பதும் முக்கியம். பல மருத்துவமனைகளில் அறை வசதி உயர உயர டாக்டர் கட்டணமும் ஆபரேஷன் தியேட்டர் கட்டணமும் சேர்ந்தே ஏறும். மதிப்பீட்டை இரண்டு வகைப் பிரசவத்துக்கும், நீங்கள் எடுக்கப்போகும் அறைக்கும் எழுத்தில் கேளுங்கள்.

பேக்கேஜில் எது இல்லை என்று கேட்பதுதான் முக்கியம். வழக்கமாக வெளியே நிற்பவை: வலி தெரியாமல் இருக்கப் போடும் எபிட்யூரல், மயக்க மருந்து டாக்டர், குழந்தை மருத்துவர் வந்து பார்க்கும் கட்டணம், பிறந்ததும் போடும் தடுப்பூசி, காது கேட்கும் திறன் மற்றும் தைராய்டு பரிசோதனை, கையுறை, ஊசி போன்ற ஒரு முறை உபயோகித்து எறிபவை. கடைசியாகச் சொன்னவை தனித்தனியாகச் சின்னத் தொகை. பில்லில் சேர்ந்து வரும்போது தெரியும்.

குழந்தைக்குத் தனி பில் வரலாம் என்பது பலருக்கு மருத்துவமனையில்தான் தெரிய வருகிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் சுமார் 60 சதவீதத்துக்கு முதல் வாரத்தில் உடல் மஞ்சளாகும். பெரும்பாலும் தானே சரியாகும். சில குழந்தைகளை ஓரிரு நாள் ஒளிச் சிகிச்சையில் வைப்பார்கள். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவின் ஒரு நாள் கட்டணம் என்ன என்று முன்பே கேட்டு, 3 நாள் தொகையைத் தொடாத பணமாக வையுங்கள்.

இன்னொன்று, எப்போது பணம் கையில் இருக்க வேண்டும் என்பது. உலக அளவில் ஏறத்தாழ 10 குழந்தைகளில் ஒன்று 37 வாரம் நிறையும் முன்பே பிறந்துவிடுகிறது. 40-ஆம் வாரத்தில் முதிர்வடையும் வைப்புத்தொகையால் அப்போது பயனில்லை. 34-ஆம் வாரத்துக்குள் பணம் உடனே எடுக்கக்கூடிய கணக்குக்கு வந்துவிட வேண்டும். காப்பீடு இருந்தாலும் சேரும்போது முன்பணம் கேட்பார்கள், வீட்டுக்கு அனுப்பும் நாளில் காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலுக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். இருவரில் ஒருவர் பெயரில் மட்டுமே கணக்கு இருக்கிறது, அவரோ பிரசவ அறைக்குள் இருக்கிறார் என்ற நிலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கர்ப்பம் உறுதியான பிறகு மருத்துவக் காப்பீடு எடுத்தால் பிரசவச் செலவு கிடைக்குமா?

தனியாக எடுக்கும் பாலிசிகளில் பொதுவாகக் கிடைக்காது. பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் வைத்திருப்பார்கள்; பாலிசி எடுத்து அந்தக் காலம் முடிந்த பிறகுதான் பணம் கிடைக்கும். அலுவலகக் குழுக் காப்பீட்டில் அந்தக் காலம் இல்லாமலும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். இருவருக்கும் அலுவலகக் காப்பீடு இருந்தால் பிரசவ வரம்பு எதில் அதிகம் என்று ஒப்பிடுங்கள். குழந்தைக்கு எந்த நாளிலிருந்து காப்பீடு, எத்தனை நாளுக்குள் சேர்க்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் வைத்த பிறகு சேர்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக் கெடுவைத் தாண்டியவர்கள் நிறைய. பெயர் இல்லாமலே சேர்க்க முடியுமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: டயப்பர் மொத்தமாகத் தள்ளுபடியில் கிடைக்கிறது. 6 மாதத்துக்கு இப்போதே வாங்கிவைக்கலாமா? துணி டயப்பர்தான் மலிவு என்கிறார் மாமியார். எது உண்மை?

எண்ணிக்கையிலிருந்து போவோம். முதல் மாதம் நாளுக்கு 10, இரண்டிலிருந்து ஐந்தாம் மாதம் வரை நாளுக்கு 8, அதன் பிறகு ஒரு வயது வரை 6 என்று வைத்தால், 300 + 960 + 1,260. முதல் வருஷத்துக்குச் சுமார் 2,500 டயப்பர். இதில் சில நூறு கூடலாம், குறையலாம்.

ஆனால் இத்தனையும் ஒரே அளவு இல்லை. 3 கிலோவில் பிறக்கும் குழந்தை முதல் சில நாளில் கொஞ்சம் எடை இறங்கி, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். அதன் பிறகு முதல் 3 மாதம் நாளுக்கு 25 முதல் 30 கிராம் ஏறும். பிறந்த குழந்தை அளவு பெரும்பாலும் 5 கிலோவோடு முடிந்துவிடுகிறது. ஆகவே அந்த அளவு இரண்டரை, மூன்று மாதத்துக்குத்தான். குழந்தை மூன்றரைக் கிலோவில் பிறந்தால் அதற்கும் குறைவு. ஐந்தாவது மாதவாக்கில் எடை இரு மடங்காகும், ஒரு வயதில் மூன்று மடங்கு. பிறந்த குழந்தை அளவில் முதலில் ஒரு பாக்கெட் மட்டும் வாங்குங்கள். பிறகு இரண்டு வாரத்துக்கு ஆகும் அளவு. தள்ளுபடியில் குவித்த பெட்டிகள் குழந்தைக்குப் பத்தாமல் போய் அலமாரியில் தூங்கும்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் மாதத்தைப் பார்க்காதீர்கள், கிலோவைப் பாருங்கள். எல்லை எடைக்குச் சற்று முன்பே தொடை ஓரத்தில் ஒழுகத் தொடங்கும், இடுப்பில் சிவப்புத் தடம் விழும், ஒட்டுப் பட்டை நடு வரைக்கும் எட்டாது. அதுதான் அடுத்த அளவுக்குப் போகிற நேரம். விலை ஒப்பிடும்போது பாக்கெட் விலையை எண்ணிக்கையால் வகுங்கள். அதே விலைப் பாக்கெட்டில் அளவு பெரிதாகப் பெரிதாக எண்ணிக்கை குறையும்.

இனி துணி டயப்பர். மாமியார் சொல்வது சரி, ஆனால் நிபந்தனையோடு. ஒருநாள் விட்டு ஒருநாள் துவைத்தால் ஆரம்பத்தில் 20 முதல் 24 வேண்டும். மழை நாளில் காய இரண்டு நாள் ஆனால் அதுவும் போதாது. ஒரு செட் விலை 600 டயப்பர் விலைக்குச் சமம் என்று வையுங்கள். தண்ணீர், சோப்பு, மின்சாரம் சேர்த்து ஒரு துணியை ஒரு முறை துவைக்க ஒரு டயப்பர் விலையில் கால் பங்கு ஆகிறது என்றால், ஒவ்வொரு முறையும் மிச்சமாவது முக்கால் பங்கு. 600-ஐ 0.75-ஆல் வகுத்தால் 800 முறை. நாளுக்கு 6 முறை துணி கட்டினால் 133 நாளில், அதாவது சுமார் நாலரை மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் லாபம். அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் இன்னும் லாபம். இடையிலேயே சலித்துப்போய் நிறுத்திவிட்டால் இரண்டு வகைக்கும் செலவு செய்தவர்களாவீர்கள்.

எங்கள் யோசனை: முதல் மாதம் கடையில் வாங்கும் டயப்பரிலேயே ஓட்டுங்கள். அம்மாவுக்குத் துவைக்கிற தெம்பு இருக்காது. யார் துவைப்பது என்று பேசி முடிவாகாத வீட்டில் துணி டயப்பர் சண்டையில்தான் முடியும். பிறகு பகலில் துணி, இரவில் மற்றது. சோதித்துப் பார்க்க 6 மட்டும் வாங்கிப் பழகிவிட்டு மீதியை வாங்கலாம். துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றக் கூடாது. இழை மேல் படலம் படிந்து ஈரத்தை உறிஞ்சாது. புண்ணுக்குத் தடவும் துத்தநாகக் களிம்பும் அப்படியே ஒட்டிக்கொள்ளும், அந்த நாட்களில் உள்ளே ஒரு மெல்லிய துணி போடுங்கள்.

எந்த வகையானாலும் மாற்றும் எண்ணிக்கையைக் குறைத்து மிச்சம் பிடிக்காதீர்கள். புண் வந்தால் மருந்துக்குப் போகும்.

கேள்வி: தாய்ப்பால்தான் கொடுக்கப்போகிறேன். பால் செலவு என்ற வரியில் பூஜ்யம் போடலாமா? ஒருவேளை பவுடர் பால் தேவைப்பட்டால் எவ்வளவு ஆகும்?

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. செலவிலும் அதை மிஞ்ச வேறில்லை. ஆனால் பூஜ்யம் போடாதீர்கள். பாலூட்டும் அம்மாவுக்கு நாளுக்கு 400, 500 கலோரி அளவுக்குக் கூடுதல் சாப்பாடு வேண்டும். முதல் வாரத்தில் பால் குடிக்க வைப்பதில் சிக்கல் வந்தால் பாலூட்டல் ஆலோசகரை ஒன்றிரண்டு முறை பார்க்க நேரும். அந்தத் தொகையை எழுதி வையுங்கள். காம்பு வெடித்து வலியில் பாலூட்டுவதை நிறுத்தினால் வரப்போகும் பவுடர் பால் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

பால் கறக்கும் பம்ப்பை முன்கூட்டியே வாங்காதீர்கள். வேலைக்குத் திரும்புவதற்கு ஒரு மாதம் முன்பு வாங்கினால் போதும். குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து உடனே தேவைப்பட்டால் மருத்துவமனைத் தரப் பம்ப்பை வாடகைக்கு எடுப்பதே நல்லது. மார்பில் பொருத்தும் புனல் அளவு சரியில்லாவிட்டால் வலிக்கும், பாலும் குறைவாக வரும். பம்ப் சரியில்லை என்று நினைத்து இன்னொன்று வாங்குவார்கள். புனலை மட்டும் மாற்றினாலே தீரும். கறந்த பால் 25 டிகிரி வரையான அறை வெப்பத்தில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம் வரை நன்றாக இருக்கும்.

பவுடர் பால் கணக்கு இது: பால் மட்டும் குடிக்கும் மாதங்களில் எடைக்கு ஒரு கிலோவுக்கு நாளுக்குச் சுமார் 150 மி.லி. 5 கிலோ குழந்தைக்கு 750 மி.லி. 100 மி.லி. பாலுக்கு ஏறத்தாழ 13, 14 கிராம் பவுடர் என்பதால் நாளுக்கு 100 கிராம். 400 கிராம் டின் 4 நாளில் காலி, மாதத்துக்கு 7, 8 டின். குடித்து மீந்ததைக் கொட்டத்தான் வேண்டும் என்பதால் பத்தில் ஒரு பங்கு சேதாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் 60 மி.லி. மட்டும் கலந்தால் கொட்டுவது குறையும். தண்ணீரைக் கொதிக்கவைத்து, 70 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் பவுடரைக் கலந்து, பிறகு ஆறவைத்துக் கொடுங்கள். கலந்த பாலை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

டின் சீக்கிரம் தீர்கிறதே என்று தண்ணீரைக் கூட்டிக் கலக்கிறவர்கள் உண்டு. இது ஆபத்து. குழந்தையின் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரைக்கும் போகும். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் டின்னைத் தேர்ந்தெடுப்பதில் பிடியுங்கள். முதல் நிலைப் பவுடர்களில் என்னென்ன சத்து எவ்வளவு இருக்க வேண்டும் என்று பெரும்பாலான நாடுகளில் சட்டமே இருக்கிறது. ஆரோக்கியமான குழந்தைக்கு விலை குறைந்ததும் போதும். ஒரு வயதுக்கு மேல் ‘வளரும் குழந்தைகளுக்கு’ என்று விற்கும் டின்கள் தேவையே இல்லை.

கேள்வி: என் நாத்தனார் தன் பையனுக்கு வாங்கிய தொட்டில், கார் சீட், பிரெஸ்ட் பம்ப், துணிமணி எல்லாவற்றையும் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? வேண்டாம் என்றால் வருத்தப்படுவாரோ?

துணிமணியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் 3 மாதத் துணி பெரும்பாலும் கிழிவதற்குள் சின்னதாகிவிடும். பொத்தான், ரிப்பன் மட்டும் இழுத்துப் பாருங்கள்.

மரத் தொட்டிலை அளந்து பார்க்க வேண்டும். கம்பிகளுக்கு இடையே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, உடம்பு நழுவித் தலை சிக்கிக்கொள்ளும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. பக்கவாட்டுச் சட்டம் மேலும் கீழும் இறங்கும் வகை என்றால் வேண்டாம். குழந்தைகள் சிக்கி இறந்ததால் அமெரிக்காவில் 2011-இல் அந்த வகைக்கே தடை போட்டார்கள். மெத்தை நடுவில் குழி விழுந்திருந்தால் மெத்தையை மட்டும் புதிதாக, கெட்டியானதாக வாங்குங்கள்.

கார் சீட்டுக்கு இரண்டு கேள்வி: விபத்தில் சிக்கியதா, தயாரித்த தேதி என்ன? பிளாஸ்டிக் நாளாக நாளாக நொறுங்கும் தன்மை அடைவதால் 6 முதல் 10 வருஷம் வரை என்று அடியில் காலாவதி அச்சிட்டிருப்பார்கள். நாத்தனார் என்பதால் உண்மையைச் சொல்வார். முன்பின் தெரியாதவரிடம் வாங்கும் கார் சீட்டில் அந்த வசதி இல்லை, அதனால் வாங்கவே கூடாது.

பம்ப் வேண்டாம். ஒருவர் உபயோகத்துக்கென்று செய்த பம்ப்பில் பால் துளி குழாய் வழியாக மோட்டார் வரை போய்ப் பூஞ்சை பிடித்திருக்கலாம். வெளியே தெரியும் பாகங்களைக் கொதிக்கவைத்தாலும் உள்ளே போனதை எடுக்க முடியாது. டாக்டர் வேண்டாம் என்றார் என்று பழியை அவர் மேல் போட்டுவிடுங்கள். டாக்டர்களுக்கு இது பழக்கம்தான்.

கேள்வி: குழந்தையை மாமியாரே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். காப்பகச் செலவை பட்ஜெட்டிலிருந்து அடித்துவிடலாமா?

பாதியாகக் குறைக்கலாம், அடித்துவிடக் கூடாது. அவருக்கு உடம்புக்கு முடியாத நாள், ஊருக்குப் போகும் வாரம், குழந்தை தவழ ஆரம்பித்த பிறகு பின்னாலேயே ஓட முடியாத நிலை எல்லாம் வரும். பகலில் சில மணி நேரம் உதவிக்கு ஒருவரை வைக்கும் தொகையையாவது எழுதி வையுங்கள்.

காப்பகத்தை நம்புகிறவர்கள் கர்ப்ப காலத்திலேயே இடம் கேட்டு வைக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு ஆளுக்கு 3 அல்லது 4 குழந்தைகள் என்பதுதான் நல்ல அளவு. அதனால் இடமும் குறைவு, கட்டணமும் மற்ற வயதை விட அதிகம். முன்பணம் திரும்பக் கிடைக்குமா, வராத நாளுக்கும் கட்டணம் உண்டா, மாலை தாமதமானால் அபராதம் எவ்வளவு என்று கேளுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு வருஷத்துக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது சாதாரணம், காப்பகத்தில் இன்னும் அதிகம். காய்ச்சலோடு சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அந்த நாட்களில் காப்பகக் கட்டணமும் போகும், உங்கள் இருவரில் ஒருவர் விடுப்பும் போகும். அதனால் அப்பா தன் விடுப்பு முழுவதையும் பிரசவத்தின்போதே தீர்த்துவிடாமல் சிலவற்றை மிச்சம் வைத்திருக்கட்டும்.

கேள்வி: கணவன் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. எங்கள் பட்ஜெட்டில் எதை மறந்திருப்போம் என்று நினைக்கிறீர்கள்?

உங்கள் மனைவியை. எல்லா வரியும் குழந்தைக்கே போயிருக்கும். பிரசவத்துக்குப் பின் வாரக்கணக்கில் தேவைப்படும் பெரிய நாப்கின், இரும்புச் சத்து மாத்திரை, பாலூட்ட வசதியான உடை, ஆறாவது வாரப் பரிசோதனை, தேவைப்பட்டால் பிசியோதெரபி இதெல்லாம் இருக்கிறதா? குழந்தை பெற்ற பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு உள்ளிட்ட மனநலச் சிக்கல் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மனநல ஆலோசனைக்கு ஒரு தொகை இருந்தால், தேவைப்படும் நேரத்தில் காசைக் காரணம் காட்டித் தள்ளிப்போட மாட்டார். முதல் 6 வாரத்துக்குச் சமையலுக்கோ வீட்டு வேலைக்கோ ஆள் வைப்பதை ஆடம்பரம் என்று வெட்டாதீர்கள். வேறு எதையாவது வெட்டுங்கள்.

கேள்வி: குழந்தை வருவதற்குள் பெரிய கார் வாங்கலாமா? குழந்தை பெயரில் சேமிப்புத் திட்டம் எப்போது தொடங்குவது?

கார் கடனை ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள். வருமானம் குறைகிற நேரத்தில் புதுத் தவணை சேர்ப்பதைப் போன்ற தவறு வேறில்லை. சேமிப்புத் திட்டத்துக்கும் முன்னால் இரண்டு வேலை இருக்கிறது. 3 முதல் 6 மாதச் செலவுக்கு அவசரப் பணம், பிறகு சம்பாதிக்கும் இருவர் பெயரிலும் டேர்ம் ஆயுள் காப்பீடு (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருவது). குழந்தையின் சாப்பாடு உங்கள் வருமானத்தில் இருக்கிறது, அதனால் காப்பீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். வீட்டோடு இருந்து குழந்தையைப் பார்ப்பவர் பெயரிலும் எடுங்கள். அவர் செய்யும் வேலைக்கு ஆள் வைத்தால் என்ன ஆகும் என்று காப்பகம் பற்றிய பதிலை வைத்துக் கணக்கிடலாம்.

சின்னக் கேள்விகள்

பரிசாக என்ன வேண்டும் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். 6 மாத அளவிலும் ஒரு வயது அளவிலும் துணி கேளுங்கள். அந்த வயது எந்தப் பருவத்தில் வரும் என்று எண்ணிச் சொல்லுங்கள், இல்லையென்றால் கோடையில் கம்பளிச் சட்டை கிடைக்கும்.

பாட்டில் ஸ்டெரிலைசர்? வேண்டாம். பாட்டில் மூழ்கும் அளவு தண்ணீரில் 5 நிமிடம் கொதித்தால் போதும்.

தலையணை, தொட்டில் ஓரத்துக்குப் பஞ்சுத் தடுப்பு? இரண்டும் மூச்சை அடைக்கும். கெட்டியான மெத்தை, இறுக்கமான விரிப்பு, வேறொன்றும் வேண்டாம்.

குழந்தை உள்ளே உட்கார்ந்து உருட்டிப் போகும் சக்கர வாக்கர்? நடை சீக்கிரம் வராது, படிக்கட்டில் உருளும். கனடாவில் 2004-இலேயே விற்பனைக்குத் தடை.

குட்டி ஷூ? வெளியே நடக்க ஆரம்பித்த பிறகு. அதுவரை சாக்ஸ்.